கோல்ஃப் ஆடாதவள் தேர்ந்தெடுத்த கோல்ஃப் ரிசார்ட்

கோல்ஃப் ரிசார்ட்டில் ரூம் போடும் வேலையை கோல்ஃப் ஆடுகிறவரிடம் விடாதீர்கள். இது என் கட்சி. வீட்டில் இதற்குப் பலத்த எதிர்ப்பு உண்டு, அதைப் பற்றிக் கவலையில்லை. ஆடுகிறவர் கோர்ஸை மட்டும்தான் பார்ப்பார். பங்கர் எத்தனை, கிரீனில் பந்து எவ்வளவு வேகமாக ஓடும், வடிவமைத்தது யார், அத்தோடு சரி. காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் போய், பதினோரு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து, குளித்துச் சாப்பிட்டுக் குறட்டை விடுவார். மிச்ச நேரமெல்லாம் அந்த ஹோட்டலில் குடித்தனம் நடத்துவது நாம்தானே?

என் வீட்டுக்காரர் நாற்பதைத் தாண்டிய பிறகு இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டவர். ஆபீஸ் சிநேகிதர்கள் கெடுத்தது. பெங்களூரில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆட என்ன குறை என்று கேட்பீர்கள். ஊருக்குள் கோர்ஸ் இல்லாமல் இல்லை. ஹைகிரவுண்ட்ஸில் இருக்கும் பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876-ல் தொடங்கியது. பழைய ஏர்போர்ட் பக்கம் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் கோர்ஸ் இருக்கிறது. ஆனால் இங்கெல்லாம் உறுப்பினராவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடலாம். யாராவது மெம்பர் மனம் வைத்துக் கூட்டிப்போனால் உண்டு. ஆகவே என் வீட்டுக்காரர் மாதிரி ஆட்களுக்கு ஊருக்கு வெளியே இருக்கும் ரிசார்ட்டுதான் கதி. அங்கே தங்கினால் ஆடவும் விடுவார்கள்.

போகும் கூட்டம் என்று பார்த்தால், அவர், நான், பத்தாம் வகுப்பு முடித்த பெண், எட்டு வயதுப் பையன், கோபியிலிருந்து வந்திருந்த அத்தை. அத்தைக்கு முழங்கால் வலி. இவர்களில் கோல்ஃப் ஆடுகிறவர் ஒருவர்தான். நான்கு பேர் ஆடாதவர்கள். ஜனநாயகப்படி தேர்வு என் கையில் வந்தது.

முதலில் எந்தத் திசை என்று முடிவு செய்ய வேண்டும். மைசூர் ரோட்டில் பிடதிக்குப் பக்கத்தில் ஈகிள்டன். கோல்ஃப் தெரியாதவர்களுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும், செய்தியில் அடிபட்ட இடம். 2017-ல் குஜராத் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களை ராஜ்யசபா தேர்தல் வரை பத்திரமாக வைத்திருந்தது இங்கேதான். மறு வருடம் மே மாதம் கர்நாடகக் காங்கிரஸ்காரர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். கூவத்தூரைப் பார்த்த நமக்கு இதெல்லாம் புதிதில்லை. அத்தனை எம்.எல்.ஏ.க்களில் எத்தனை பேர் ஒரு பந்தாவது அடித்தார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அந்தப் பக்கம் போவதற்கு என்னிடம் ஒரே காரணம்தான் இருந்தது: பிடதி தட்டு இட்லி. ஆனால் 2023-ல் திறந்த எக்ஸ்பிரஸ்வே பிடதியை ஒதுக்கிவிட்டுப் போகிறது. வேண்டுமென்றே சர்வீஸ் ரோட்டில் இறங்கினால்தான் இட்லி.

கிழக்கே கோலார் பக்கம் ஸயான் ஹில்ஸ் இருக்கிறது. வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷயர், அதை ஒட்டி 2022-ல் வந்த ஜேடபிள்யூ மேரியட். ஊரைச் சுற்றி இன்னும் சிலவும் உண்டு. நாங்கள் ஹெப்பால் பக்கம் குடியிருப்பதால் வடக்கே போவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரைக் குறுக்கே கடந்து மைசூர் ரோட்டைப் பிடிப்பதென்றால் பாதி விடுமுறை டிராஃபிக்கிலேயே முடிந்துவிடும். தங்கிய இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. மேனேஜர் மாறினால் ஹோட்டலே வேறு ஹோட்டலாகிவிடுகிறது. பெயரைவிட என்னென்ன கேட்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

அறை விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கோல்ஃப் ரிசார்ட்டும் ‘கோல்ஃப் வியூ’ என்று ஒரு வகை அறை வைத்து, அதற்குக் கூடுதலாக வாங்கும். முன்பு ஒருமுறை வேறொரு திக்கில் ஓரிடத்துக்குப் போயிருந்தோம். அந்த அறையின் கோல்ஃப் வியூ என்னவென்றால், புல் வெட்டும் மெஷின்கள் நிறுத்திவைக்கும் கொட்டகை. கொட்டகைக்கு அப்பால் எட்டிப் பார்த்தால் ஒரு கொடி தெரிந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு அத்தனை மெஷினையும் ஒன்றாகக் கிளப்புவார்கள், ஏனென்றால் முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். ரிசப்ஷனில் போய்ச் சொன்னால், ‘மேடம், கோல்ஃப் வியூ கேட்டீங்களே’ என்றார்கள். சிரிப்பதா அழுவதா?

அதிலிருந்து நான் வரைபடம் கேட்காமல் அறை போடுவதில்லை. எல்லாக் கோர்ஸிலும் ஸ்கோர் கார்டு என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் அதன் பின்பக்கம் பதினெட்டு ஓட்டைகளும் எப்படிப் படுத்திருக்கின்றன என்று படம் போட்டிருப்பார்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அறைகள் எங்கே வருகின்றன என்று வட்டம் போட்டுக் கேட்க வேண்டும். ரிசர்வேஷனில் பேசிய பெண் முதலில், ‘எல்லா ரூமும் நல்ல ரூம்தான் மேடம்’ என்றது. நான் விடவில்லை. அரைமணி நேரத்தில் படம் வந்தது.

இங்கே வீட்டுக்காரர் உபயோகப்பட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வலது கை ஆட்டக்காரர்களில் புதிதாக ஆடுகிறவர்கள் அடிக்கும் பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்து ஓடிவிடுமாம். ஸ்லைஸ் என்பார்கள். அவரே அதில் விற்பன்னர். ஆகவே பந்தை முதலில் அடிக்கும் மேடையிலிருந்து பார்த்தால் ஃபேர்வேக்கு வலப்பக்கம், ஏறக்குறைய 180-லிருந்து 220 கஜ தூரத்தில் இருக்கும் அறைகளுக்குத்தான் பந்து விருந்துக்கு வரும். தரைத்தளத்தில் சிட்-அவுட் வைத்த அறை என்றால் எட்டு வயதுப் பையனை வெளியே விட்டுவிட்டு உள்ளே நிம்மதியாக உட்கார முடியாது. இடப்பக்க அறைகள் தேவலை. அதைவிட நல்லது கிரீனுக்குப் பின்னால், சற்று மேடாக இருக்கும் அறைகள். அங்கே வந்து சேரும்போது எல்லாரும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பார்கள், சத்தமும் போட மாட்டார்கள். குளத்தை ஒட்டிய அறை போட்டோவில் அழகு, பொழுது சாய்ந்தால் கொசு. எங்களுக்குக் கிடைத்தது ஒரு கிரீனுக்குப் பின்னால், முதல் மாடி, லிஃப்டிலிருந்து மூன்றாவது கதவு. அத்தையின் முழங்காலுக்கு அந்த மூன்றாவது கதவுதான் முக்கியம். இந்த ரிசார்ட்டுகளில் சில அறைகளுக்கு லாபியிலிருந்து கால் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். பக்கி அனுப்புவார்கள், ஆனால் நினைத்த நேரத்துக்கு வராது.

அடுத்தது கல்யாணம். கோல்ஃப் ரிசார்ட் கோல்ஃபால் பிழைக்கிறது என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் இந்த மாதிரி இடங்களுக்குச் சோறு போடுவது கல்யாணமும் கம்பெனி மீட்டிங்கும்தான். பச்சைப் புல்வெளி, பின்னால் மலை, முந்நூறு பேருக்கு அறை: வடக்கத்திக் கல்யாணக்காரர்கள் விடுவார்களா? மெஹந்தி ஒரு நாள், சங்கீத் ஒரு நாள். சட்டப்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆனால் பத்து மணி வரைக்கும் டிஜே அடிக்கும் அடியில் அறைக் கண்ணாடி அதிரும். காலையில் பஃபேயில் தோசைக்கு வரிசை, நீச்சல் குளத்தில் மாப்பிள்ளை வீட்டு வாண்டுகள். ஆகவே தேதி முடிவு செய்யும் முன் நான் எடுத்துப் பார்ப்பது ஹோட்டல் வெப்சைட்டை அல்ல, தினசரிக் காலண்டரை. முகூர்த்த நாளா, வளர்பிறையா, சனி ஞாயிறோடு ஒட்டி வருகிறதா என்று பார்த்துத் தவிர்ப்பேன். ஆடி மாதம் இதற்கு உத்தமம். நமக்கும் கல்யாணம் கிடையாது, கன்னடக்காரர்களும் ஆஷாடத்தில் செய்வதில்லை. பெங்களூரில் அப்போது சாரலும் காற்றுமாக இருக்கும், வெயில் கொளுத்தாது, வாடகையும் இறங்கியிருக்கும். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லைதான், ஆனால் கிறிஸ்துமஸ் புத்தாண்டு என்று விலையை ஏற்றிவிடுவார்கள். இந்த முறை பரீட்சை முடிந்த லீவு என்பதால் ஆடிக்குக் காத்திருக்க முடியவில்லை. முகூர்த்தமில்லாத வாரநாளாகப் பார்த்துப் போட்டேன்.

டோர்னமென்ட் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கம்பெனிக்காரர்கள் கோர்ஸை மொத்தமாக எடுத்துக்கொண்டு, பதினெட்டு ஓட்டைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அன்றைக்கு அறையில் தங்கியிருப்பவருக்கு இடம் கிடையாது. அதே மாதிரி வருடத்தில் ஓரிரு முறை கிரீன் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை குத்தி மணல் போடுவார்கள், வேருக்குக் காற்று போக. பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும், பந்து தத்தித் தத்தி ஓடும். அந்த வாரத்தில் போய் முழுக் கட்டணம் கட்டிவிட்டு வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவதிப்படுவது யார்? நான்.

ஆட்டத்துக்கும் இட்லிக்கும் உள்ள பகையைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பதினெட்டு ஓட்டை ஆடி முடிக்க நாலு, நாலரை மணி நேரம் ஆகும். ஆறரைக்குத் தொடங்கினால் பதினொன்று. காலை பஃபே பத்தரைக்கு மூடிவிடும், அறையைக் காலி செய்ய வேண்டியது பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ. அதாவது கிளம்பும் நாளில் முழு ஆட்டம் ஆடினால் சாப்பாடும் போச்சு, குளியலும் போச்சு. கிளம்பும் நாளில் ஒன்பது ஓட்டை மட்டும், இல்லாவிட்டால் தாமதமாகக் காலி செய்ய எழுத்தில் அனுமதி. இதை முன்கூட்டியே மெயிலில் வாங்கி வைத்தேன். வாய்வார்த்தை ஷிப்ட் மாறியதும் மறந்துபோகும்.

போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் பால்கனியில் நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைத்தேன். எதிரே கிரீன், அதற்கு அப்பால் மேடும் பள்ளமுமாகப் புல், அதற்கும் அப்பால் நந்தி மலை. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், ‘ஏஞ்சாமி, இத்தனை புல்லு கெடக்குது, ஒரு மாட்டையாச்சும் கட்ட மாட்டாங்களா?’ வெட்டிய புல்லை என்ன செய்வார்கள் என்று அடுத்த கேள்வி. எனக்குத் தெரியவில்லை. காபி கொண்டுவந்த பையனைக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை.

மாடு சரி, நான் கேட்க நினைத்தது தண்ணீரை. பதினெட்டு ஓட்டைக் கோர்ஸ் ஒன்றைப் பச்சையாக வைத்திருக்கக் கோடையில் நாளுக்குச் சில லட்சம் லிட்டர் வேண்டும். நந்தி மலையில் பிறக்கிறது அர்க்காவதி. கனகபுராவைத் தாண்டிப் போய்க் காவிரியில் சேரவேண்டிய ஆறு, வருஷத்தில் பாதி நாள் மணலும் சாக்கடையுமாகக் கிடக்கிறது. இந்த வட்டாரத்தில் போர்வெல் ஆயிரம் அடிக்கு மேல் இறங்கிவிட்டது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குழாய்த் தண்ணீரில் காரைக் கழுவினாலும் செடிக்கு ஊற்றினாலும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்களே, எங்கள் அபார்ட்மெண்டில் அப்போது டேங்கர் வரும் சத்தத்துக்குத்தான் எழுந்திருப்போம். நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரித்து ஹெப்பால்–நாகவாரா திட்டத்தில் இந்தப் பக்கத்து ஏரிகளை நிரப்புகிறார்கள். நல்ல கோர்ஸ்கள் சுத்திகரித்த நீரைத்தான் புல்லுக்கு விடுகின்றன. ரிசர்வேஷனில் இந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில் தயங்குவார்கள், பிறகு யாரிடமாவது விசாரித்துச் சொல்வார்கள். பதில் சொல்லத் தெரிந்த இடத்துக்குத்தான் என் காசு. புல் ஓரங்களில் கொஞ்சம் பழுத்து மஞ்சளாக இருந்தால் எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை கூடுகிறது. வீட்டுக்காரருக்குக் குறைகிறது.

மறுநாள் அவர் ஆட்டத்துக்குக் கிளம்பியதும் நாங்கள் காரை எடுத்துக்கொண்டு நந்தி கிராமத்துக்குப் போனோம். மலை உச்சிக்குப் போகவில்லை. சூரியோதயம் பார்க்கப் போகும் கூட்டம் விடிவதற்கு முன்பே ரோட்டில் வண்டியை அடைத்துவிடும், அது இளவட்டங்களின் வேலை. அடிவாரத்தில் போக நந்தீசுவரர் கோயில் இருக்கிறது, தொல்லியல் துறையின் பராமரிப்பில். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஆளாளுக்குக் கட்டிச் சேர்த்தது. இரண்டு பெரிய சன்னதிகள், ஒன்றில் போக நந்தீசுவரர், மற்றொன்றில் அருணாசலேசுவரர், நடுவே உமா மகேசுவரர். அருணாசலேசுவரர் பெயரைக் கேட்டதும் அத்தைக்கு முழங்கால் வலி மறந்துபோனது, திருவண்ணாமலையே பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி. நடு மண்டபத்துக் கருங்கல் தூண்களில் கிளியும் கொடியும் விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும்படி செதுக்கியிருக்கிறார்கள். பின்பக்கம் படிப்படியாக இறங்கும் பெரிய குளம். அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார், எழுப்பிக் கூட்டிவருவதற்குள் பத்தரை மணி பஃபே போயே போய்விட்டது. வெளியே வண்டிக்காரரிடம் வேகவைத்த கடலை வாங்கித் தின்றோம். அடுத்த முறை நந்திப் பக்கம் தங்கினால் இந்தக் கோயிலுக்கு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குவேன்.

பில்லைப் பற்றிச் சுருக்கமாக. அறை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, இது தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது, அந்த அளவு வாடகை வாங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்திலும் சாப்பாட்டுக்கு 18 சதவீதம். வெளியே ஹோட்டலில் 5 சதவீதம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நூடுல்ஸ், மில்க்‌ஷேக் என்று போனால் இந்தப் பதிமூன்று சதவீத வித்தியாசம் வலிக்கும். சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம், கட்டாயம் கிடையாது. கோல்ஃப் பேக்கேஜ் என்று விளம்பரம் செய்தால், அதில் கிரீன் ஃபீ மட்டுமா, கார்ட்டும் சேர்ந்தா, பையைத் தூக்கி வரும் கேடிக்குக் கூலி உண்டா, வாடகைக்கு எடுக்கும் கிளப் செட் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேடி கூலி பெரும்பாலும் தனி. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கோர்ஸின் நடுவில் யுபிஐக்குச் சிக்னல் தேடுவது பெரிய வேலை.

ஆடாதவர்களுக்கு இந்த இடங்களில் கிடைக்கும் மலிவான சந்தோஷம் டிரைவிங் ரேஞ்ச். ஒரு கூடை பந்து வாங்கிக்கொண்டு, வரிசையாக நின்று வெட்டவெளியில் அடித்துக்கொண்டே இருக்கலாம். யாரும் எண்ண மாட்டார்கள், தேடிப்போய்ப் பொறுக்கவும் வேண்டாம். காலர் வைத்த சட்டை இருக்க வேண்டும், ஜீன்ஸ் கூடாது என்பார்கள், அதை மட்டும் மூட்டை கட்டும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்ப் பெண் அதிதி அசோக் கோல்ஃபுக்கு வந்ததே, குடும்பத்தோடு சாப்பிடப் போன இடத்திலிருந்து ரேஞ்சைப் பார்த்துத்தான். அப்போது ஐந்தாறு வயது. பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாம் இடம் வரைக்கும் வந்தார். அந்த வாரம் விடிகாலையில் எழுந்து, விதி ஒன்றும் புரியாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. என் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு கூடை முழுக்க அடித்தாள். முதல் பத்துப் பந்தில் ஏழெட்டு அசையவே இல்லை. அப்புறம் ஒன்று ‘டக்’கென்று ஒலித்து நேராகப் போய் நூறு கஜப் பலகையைத் தாண்டி விழுந்தது. எதுவும் சொல்லவில்லை, அடுத்த கூடைக்குக் காசு கேட்டாள்.

ரேஞ்சில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், காலையில் என் வீட்டுக்காரருக்குக் கேடியாகப் போனவர். சுற்றுவட்டார கிராமத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ‘சாருக்குக் கை நல்லாத்தான் இருக்கு, அவசரம்தான்’ என்று கன்னடத்தில் சொன்னார். அதைத்தான் நானும் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். பெங்களூர் சின்னசுவாமி முனியப்பா கேடியாக இருந்து வந்தவர், 2009-ல் இந்தியன் ஓப்பனையே ஜெயித்தார் என்று வீட்டுக்காரர் அவரிடம் ஆரம்பிக்க, அவர் அந்தக் கடைசி நாள் ஆட்டத்தை நேரில் பார்த்தவர் போலச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பேச்சு நீண்டது. நான் இடையில் புகுந்து, எப்போது வந்தால் கூட்டமிருக்காது என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார். இங்கே திங்கள் விடுமுறை. அன்று முழுக்கப் புல் வெட்டி, கிரீனை உருட்டி, பங்கர் மணலை வாரிவிட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். மெம்பர்கள் வாரக் கடைசியில்தான் வருவார்கள், கல்யாணக்காரர்கள் திங்களோடு காலி செய்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே என்றேன். அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தேன். ஆடியில் செவ்வாய்க்கிழமைகள் நிறைய இருக்கின்றன. அத்தைதான் ஆடிச் செவ்வாய்க்கு விரதம் இருப்பார், பஃபேக்குக் கட்டும் காசு வீண் என்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.